ஐஆர் தியரிக்கு எப்படிப் படிப்பது: அகாடமி வகுப்பா, வீட்டிலிருந்தா, கேள்வி வங்கியா?

பிபிஎல் என்னும் தனியார் விமானி உரிமம் கையில் இருக்கிறது. அடுத்தது ஐஆர் எனப்படும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்; வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதி. அதற்கான தியரியை எங்கே, எப்படிப் படிப்பது? சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் விமானப் பயிற்சிக்குப் போன பிள்ளைகள், விடுமுறைக்கு ஊர் வரும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நான் ஏடிஆர் விமானத்தில் துணை விமானி. ஓய்வு நாளில் ஊரில் இருந்தால் இவர்களோடு உட்கார்ந்து படிப்பது வழக்கம். பிள்ளைகளோடு பெற்றோரும் வந்து கேட்பதால், இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுநேர அகாடமியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களையும் சொந்தமாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் வராதவர்களையும் தவிர மற்றவர்களுக்கு, அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பாடத்தை வீட்டிலிருந்து படிப்பதே நல்லது. ஆனால் தனியாகப் படிக்கக் கூடாது. கூட ஒருவர் இருக்க வேண்டும். கேள்வி வங்கி கடைசி மாதத்துக்கு மட்டும்.

இதில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. மற்றத் தேர்வுகளில் பாதி புரிந்து பாஸானாலும் பிறகு வேலையில் கற்றுக்கொள்ளலாம். ஐஆர் அப்படியில்லை. மேகத்துக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிதானமான திருப்பத்தை உணராது, நேராகப் பறப்பதாகவே சொல்லும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். கருவிப் பறத்தல் பழக்கமில்லாத 20 பேரை, வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்ட வைத்தார்கள். 20 பேருமே விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

நம் நாட்டிலேயே பாருங்கள். 1977 செப்டம்பர் 27, ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் சுபாங்கில் இறங்க வந்தது. ஓடுபாதை கண்ணில் படாத நிலையில், இறங்கக் கூடாத உயரத்துக்கும் கீழே இறங்கி, எல்மினா ரப்பர் தோட்டத்து மேட்டில் மோதியது. 34 பேர் இறந்தார்கள். 1989 பிப்ரவரி 19, ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் அதே சுபாங்குக்கு என்டிபி அணுகுமுறையில், அதாவது தரையிலுள்ள வானொலி நிலையத்தின் திசையைப் பிடித்து இறங்கும் முறையில், வந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இலக்கம் இலக்கமாக, 'டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ'. விமானியிடமிருந்து வந்த பதில் 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ'. 400 அடிக்கு இறங்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தப் பதிலை யாரும் திருத்தவில்லை. பூச்சோங் பக்கத்து மலையில் மோதி விமானத்திலிருந்த 4 பேரும் இறந்தார்கள். அணுகுமுறை வரைபடத்தில் அந்த இடத்துக்கான குறைந்தபட்ச உயரம் அச்சிட்டே இருந்தது. வானொலியில் வந்த எண்ணையும் வரைபடத்து எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் விமானத்தில் ஏறிய பிறகு வருவதில்லை. தியரி படிக்கும் மேசையில்தான் அது வர வேண்டும்.

எந்த நாட்டுத் தேர்வு?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தீர்மானித்தாக வேண்டும். அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏவின் தேர்வு ஒரே தாள்: 60 கேள்வி, இரண்டரை மணி நேரம், 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. அந்தத் தேர்ச்சி 24 மாதம் செல்லும். ஆஸ்திரேலியாவிலும் ஐரெக்ஸ் என்ற ஒரே தாள்தான். ஐரோப்பிய முறை வேறு. வான் சட்டம், கருவிகள், பறப்புத் திட்டம், மனிதத் திறன், வானிலை, ரேடியோ வழிகாட்டல், தகவல்தொடர்பு என்று தனித்தனித் தாள்கள். ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு வேண்டும். ஒரு தாளுக்கு நான்கு முயற்சிதான். முதல் தாள் எழுதிய மாதம் முடிந்து 18 மாதத்துக்குள் எல்லாத் தாளும் தேறியிருக்க வேண்டும்.

நம் மலேசிய விமானத்துறை ஆணையமான சிஏஏஎம்மின் தேர்வுகளும் தாள் தாளாகப் பிரித்து நடத்தப்படுபவைதான். தேர்ச்சி மதிப்பெண், முயற்சிகளின் எண்ணிக்கை, கால எல்லை ஆகியவற்றைச் சிஏஏஎம் வெளியிட்டிருக்கும் ஆவணத்திலேயே படியுங்கள். வாட்சாப்பில் சுற்றும் படத்தை நம்ப வேண்டாம்; விதி மாறிய பிறகும் பழைய படம் சுற்றிக்கொண்டே இருக்கும். மலேசிய உரிமத்தோடு இங்கேயே வேலை தேடப்போகிறவர், எளிது என்பதற்காக அமெரிக்கத் தேர்வை எழுதிவிட்டு வந்தால், மாற்றிக்கொள்வதற்கென்று இன்னொரு சுற்றுப் படிப்பும் செலவும் இருக்கிறது. வெளிநாட்டில் படிப்பதைப் பற்றி இதற்கு மேல் நான் பேசப் போவதில்லை. அந்த முடிவு தியரியை வைத்து எடுக்கிற முடிவே அல்ல.

அகாடமி வகுப்பு

மலாக்கா, லங்காவி, கோத்தா பாரு. பறக்கும் பயிற்சி என்றதும் நம் பிள்ளைகள் சொல்லும் இந்த ஊர்கள் மூன்றுமே சுங்கை சிப்புட்டுக்குத் தூரம். தங்க அறை வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும். மாதா மாதம் அந்தச் செலவு போய்க்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? காலையில் பசியாறிவிட்டுப் போனால் மாலை வரை ஓர் ஒழுங்கு. கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியர். அதே பாடத்தோடு தவிக்கும் கூட்டாளிகள். எல்லாவற்றையும் விட, 'எனக்கு இது விளங்கவில்லை, சார்' என்று கை தூக்கினால் உடனே பதில்.

இதன் குறை வேகம். ஐரோப்பிய விதிப்படி, தனியாக எடுக்கும் வழக்கமான ஐஆர் பாடத்தின் தியரிக்குக் குறைந்தது 150 மணி நேரப் பாடம் வேண்டும். அதைச் சில வாரங்களில் ஓட்டி முடிக்கும்போது, அறிவியலைத் தமிழ்ப்பள்ளியில் தமிழிலும் இடைநிலைப் பள்ளியில் மலாயிலும் படித்துவிட்டு வந்த பிள்ளை ஆங்கிலப் பத்தியை வாசித்து முடிக்கும் முன் ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. ஒரு பத்தியை இரண்டு முறை வாசிக்க நேரம் கொடுத்தால் வகுப்பிலேயே முதலாவதாக வரக்கூடியவர். வகுப்பில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

முழுநேரப் பாடத்தில் இருப்பவருக்கு இது தேர்வே அல்ல; வகுப்பு கட்டணத்திலேயே சேர்ந்திருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வகுப்புக்கு முந்திய இரவே அடுத்த நாள் பாடத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை. எது புரியவில்லை என்று தெரிந்துகொண்டு போய் உட்காருவதே பாதி வேலை.

வீட்டிலிருந்து

செலவு குறையும் என்பது தெரிந்ததே. அது மட்டும் காரணமென்றால் நான் இதை முன்வைக்க மாட்டேன். இன்னொரு காரணம், பாடத்தை நம் வேகத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம் என்பது. ஒலியை நிறுத்தி, வரைந்து பார்த்து, மறுபடி ஓட்டலாம். ரேடியோ வழிகாட்டல் போன்ற பாடத்துக்கு இது பெரிய வசதி.

தடைகளும் உண்டு. தாமான் வீடுகளில் சுவர் ஒட்டிச் சுவர். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நம் வீட்டில் கேட்கும். சாயங்கால மழையில் இணையம் போய்விடும். ஆகவே வீடியோவையும் பிடிஎஃப்பையும் காலையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். 'வீட்டில்தானே இருக்கிறான்' என்று கடைக்கு அனுப்புவதும் நடக்கும். தம்பி படிக்கிறான், மதியம் மூன்று மணி வரை அவனைக் கூப்பிடக் கூடாது என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வீடு முழுக்க அடங்கிவிடும். பெற்றோர் இந்தத் தேர்வுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வழியின் உண்மையான ஆபத்து சத்தமோ இணையமோ அல்ல. தவறாகப் புரிந்துகொண்டதைத் திருத்த ஆள் இல்லாமல் போவதுதான். ஐரோப்பாவில் தொலைதூரப் பாடத்திலும் மொத்த நேரத்தில் குறைந்தது 10 விழுக்காடு நேரடி வகுப்பாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். உயரமானியை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டக் காற்றழுத்தம் 1008 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும்போது, உயரமானியில் 1013 வைத்துப் பறந்தால், நீங்கள் அது காட்டும் உயரத்துக்கு மேலே இருக்கிறீர்களா, கீழேயா? ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி என்றால் வித்தியாசம் 150 அடி. கணக்கு எல்லாருக்கும் வரும். திசையில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். உயரமானி காட்டும் உயரத்துக்கு 150 அடி கீழே விமானம் இருக்கிறது. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள் நிற்கின்றன, கிழக்கே தித்திவாங்சா. அங்கே மேலே, கீழே என்று மாற்றி நினைத்தால் என்ன ஆகும்? புத்தகத்தோடு தனியாக இருப்பவருக்கு இதைக் கேட்டு நிறுத்த யாரும் இல்லை.

அதனால்தான் கூட ஒருவர் வேண்டும் என்கிறேன். ஏற்கெனவே ஐஆர் முடித்த அண்ணனோ அக்காவோ கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் இதே தேர்வுக்குப் படிக்கும் இன்னொருவர் போதும். வாரம் ஒருமுறை நூலகத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ உட்காருங்கள். கருவிகளின் உள் அமைப்பு, அவற்றுக்குள் வேகமாகச் சுழலும் கைரோ போன்றவற்றுக்கு ஊரில் இயற்பியல் ஆசிரியரே கைகொடுப்பார். கோண உந்தத்தைச் சொல்லிக்கொடுக்க அவர் விமானம் ஓட்டியிருக்க வேண்டியதில்லை.

சேர்ந்து படிப்பதில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறங்க முறை வரும்வரை விமானம் வானில் சுற்றிக்கொண்டிருக்கும் காத்திருப்பு வட்டத்துக்குள் நுழையும் முறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நேர், பேரலல், ஆஃப்செட் என்று நுழைவு மூன்று வகை. காத்திருப்புப் புள்ளியை நோக்கி உள்வரும் பாதை 090 டிகிரி, வலது திருப்பம். விமானம் வடகிழக்கிலிருந்து 230 தலைப்பில் (விமானத்தின் மூக்கு நோக்கும் திசை) வருகிறது. எந்த நுழைவு?

"பேரலல், அண்ணே," என்றாள் ஒரு தங்கச்சி, யோசிக்காமலே.

"எப்படிச் சொல்ற?"

"புத்தகத்துல இந்த மாதிரிப் படம் இருந்துச்சு."

சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் வட்டத்தை வரைந்தேன். "இப்ப நீதான் விமானம். அந்த மூலையிலிருந்து 230இல் நடந்து வா." நடந்து வந்தாள். காத்திருப்புப் புள்ளியில் நின்றாள். வெளிச்செல்லும் தலைப்பு 270. கையை அந்தத் திசைக்கு நீட்டச் சொன்னேன். வலது கை தானாக எழுந்தது. நேர் முன்னாலிருந்து 40 டிகிரி வலப்புறம். "வலது பக்கம் 70 டிகிரிக்குள்ள இருந்தா?" "ஆஃப்செட்!" என்று அவளே சொல்லிவிட்டு, 270இலிருந்து 30 கழித்து 240க்குத் திரும்பி, வட்டத்துக்குள் நடந்துபோய், வலப்பக்கமாகத் திரும்பி உள்வரும் கோட்டில் வந்து நின்றாள். அடுத்து காற்றைச் சேர்த்தோம், இடது திருப்பத்துக்கு மாற்றினோம். மற்றவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். நேர் நுழைவுக்கு 180, பேரலலுக்கு 110, ஆஃப்செட்டுக்கு 70 என்ற பகுப்பை அன்றைக்குப் பிறகு அவர்கள் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வானிலைத் தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குளிரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெப்பமுகப்பு, குளிர்முகப்பு (சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லைகள்), தரையருகே உறையும் மழை, ஜெட் காற்றோட்டம் என்று பக்கம் பக்கமாகப் போகும். நம் பிள்ளைக்கு அதில் எதையும் பார்த்த அனுபவம் கிடையாது, ஆகவே உருப்போடுகிறது. நான் சொல்வது, தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். காலையில் தெளிந்த வானம், பத்து மணிக்குத் தித்திவாங்சா மேல் பஞ்சு மேகம், மூன்று மணிக்குச் செம்பனைக்கு மேலே இடி. வெப்பச்சலனம் என்ற பாடம் முழுக்க நம் வாசலிலேயே நடக்கிறது. விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்குக் கரையை அடிக்கும் சுமத்ரா சூறைவரிசையை அறியாத ஊர் பேராக்கில் கிடையாது. அந்தச் சூறை வரும்போது காற்று திடீரென்று திசை மாறி வீசுவதையும் குளிர்ந்துபோவதையும் கவனித்தவருக்கு, குளிர்முகப்பு வரும்போது தரையில் என்ன மாறும் என்பது சீக்கிரம் பிடிபடும். இரண்டும் உருவாகும் விதம் வேறு. அந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெளிவதற்குத்தான் கூட ஆள். விமானத்தின் மேல் பனிக்கட்டி படிவதையும் 'நம்மூரில் ஏது' என்று தள்ளாதீர்கள். இங்கேயும் சுமார் 16,000 அடிக்கு மேலே போனால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேதான். நான் ஓட்டும் ஏடிஆர் அந்த உயரத்தில்தான் பறக்கிறது.

எதை முதலில் படிப்பது? ரேடியோ வழிகாட்டல், கருவிகள், பிறகு வானிலை, அதன்மேல் பறப்புத் திட்டம். வான் சட்டம் கடைசியில். எண்களும் விதிகளும் நிறைந்தது, முதலில் படித்தால் தேர்வுக்குள் மறந்துவிடும்.

காசு கொடுக்காமல் கிடைப்பவற்றையும் விட வேண்டாம். எஃப்ஏஏ தன் கருவிப் பறத்தல் கையேடுகளை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. விதிகள் அமெரிக்காவுடையவை, ஆனால் கைரோவும், விஓஆர் என்னும் வானொலி வழிகாட்டியும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்; படங்கள் அவ்வளவு தெளிவு. சிஏஏஎம் விமானிகளுக்காக வெளியிடும் தகவல் தொகுப்பான ஏஐபியில் ஈப்போ, பினாங்கு விமான நிலையங்களின் அணுகுமுறை வரைபடங்கள் இருக்கின்றன. ஈப்போ வரைபடத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். எந்தப் பக்கம் குறைந்தபட்ச உயரம் அதிகம், ஏன் அந்தப் பக்கம் என்று பாருங்கள். ஈப்போ சுண்ணாம்பு மலையிலுள்ள கல்லுமலைக் கோயிலுக்குப் போய்வந்த பிள்ளைக்கு அந்த எண்கள் வெறும் எண்களாக இருக்காது. பழைய மடிக்கணினியில் ஓடும் சிமுலேட்டர் விஓஆர், என்டிபி ஊசிகளின் நடத்தையைப் பார்க்க உதவும். அதற்கு மேல் அதில் நேரம் போக்குவது படிப்பில் சேராது.

கேள்வி வங்கி மட்டும்

மலிவு, வேகம், 'எங்க கூட்டாளி ஒருத்தன் ஒரு மாசத்துல முடிச்சிட்டான்' என்ற கதை. ஈர்ப்பு புரிகிறது. எஸ்பிஎம்முக்குப் பழைய கேள்வித்தாள்களைச் செய்து பழகிய கை இதற்கும் அப்படியே போகிறது. ஆனால் கேள்விகள் மாறுகின்றன. அமெரிக்காவில் உண்மையான கேள்விகளை முழுதாக வெளியிடும் வழக்கத்தை எஃப்ஏஏ நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன; ஐரோப்பியக் கேள்வித் தொகுப்பும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பதிலை மட்டும் தெரிந்தவர், கேள்வியில் தரைவேகம் 120 நாட் என்பது 90 நாட் என்று மாறியதும் நின்றுவிடுவார். மூன்று டிகிரி சரிவில் தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று வரும் என்பதைப் புரிந்தவருக்கு, 600க்குப் பதிலாக 450 என்று எழுதுவதில் தயக்கமே இருக்காது. அதே கணக்கைத்தான் நாளைக்கு மழைக்குள், ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலி அமைப்பான ஐஎல்எஸ்ஸில் இறங்கும்போது மனத்தில் போட வேண்டும். அப்போது நான்கு பதில்கள் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

தேர்ச்சி பெற்றுவிட்டாலும் கடன் தீர்வதில்லை. வேலைக்கான நேர்காணலில் இதே கேள்விகள் வாய்மொழியாக வரும். முதல் வகை ஐஎல்எஸ்ஸில், இறங்குவதா மேலேறுவதா என்று முடிவெடுக்கும் உயரம் 200 அடிக்குக் குறையாது, ஓடுபாதைக் காட்சித் தூரம் 550 மீட்டருக்குக் குறையாது என்று ஒப்பித்தவரிடம் 'ஏன்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், படித்தவிதம் தெரிந்துவிடும்.

கடைசி மாதத்தில் கேள்வி வங்கி அருமையான கருவி. பதில்களைக் காகிதத்தால் மறைத்து, முதலில் உங்கள் விடையை எழுதுங்கள். பிறகு திறந்து, சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒரு நாளைக்கு 30 கேள்வி இப்படிச் செய்வது, 300 கேள்வியைச் சொடுக்கித் தள்ளுவதைவிட மேல்.

யாருக்கு எது

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கும் வீட்டில் ஒரே சம்பளம் உள்ளவருக்கும் தொலைதூரப் பாடமும் ஞாயிறு கூட்டுப் படிப்பும். சொந்தமாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இதுவரை வராதவர், செலவைப் பார்க்காமல் வகுப்புக்குப் போவதே நல்லது. அவருக்கு வீட்டுப் பாடம் பணத்தையும் வருடத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். இதைப் பிள்ளை ஒத்துக்கொள்ளாது, பெற்றோருக்குத் தெரியும். அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒரு தாளில் விழுந்தவர், அந்தத் தாளுக்கு மட்டும் ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம். முழுப் பாடத்தையும் மறுபடி வாங்க வேண்டாம்.

தியரியில் மிச்சமாகும் பணத்தை வேறு எதற்கும் திருப்பாமல் சிமுலேட்டர் மணிக்கணக்குக்கும் பறக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை நடுவில் பணமில்லாமல் நிறுத்தினால் கற்றது கையை விட்டுப் போய்விடும், திரும்பத் தொடங்க மேலும் செலவாகும். அப்பாவின் இபிஎஃப் பணமோ அம்மாவின் நகையோ இதற்குள் போகிறது என்றால், ஒவ்வொரு ரிங்கிட்டும் எந்தக் கட்டத்துக்கு என்று முன்பே எழுதி வைத்துக்கொள்வது பிள்ளையின் கடமை. ஆலோங்கிடம் மட்டும் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

தொலைதூரப் பாடத்துக்கு முதல் தவணை கட்டும் முன், அந்த நிறுவனத்திடம் இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். இந்தப் பாடத்துக்குச் சிஏஏஎம் அங்கீகாரம் இருக்கிறதா? முடித்ததும் நீங்கள் தரும் சான்றிதழை வைத்துச் சிஏஏஎம் தேர்வுக்குப் பதிய முடியுமா? இரண்டுக்கும் பதிலும் அங்கீகாரக் கடிதத்தின் நகலும் வந்த பிறகு கட்டுங்கள். தொலைபேசியில் 'அதெல்லாம் பிரச்சினையில்லை' என்று மட்டும் சொன்னால், வேறு இடம் பாருங்கள்.